பழைய ரைடிங் மோவர்: பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

பச்சைத்தரை:
14 ஆண்டு ஓடிய ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி). ஒற்றை சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வு இன்ஜின், 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு), எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டேட்டிக் கியர்பாக்ஸ். சாவியைத் திருப்பினால் இன்ஜின் அரைச் சுற்றில் முட்டி நின்றுவிடுகிறது. மறுபடி மறுபடி திருப்பினால்தான் கிளம்புகிறது. பேட்டரி புதிது. கிளம்பியதும் வெள்ளைப் புகை வருகிறது, ஏர் ஃபில்டர் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. அரை மணி நேரம் வெட்டியபின் மேட்டில் ஏற மறுக்கிறது. டெக்கின் அடியில் துரு. பார்த்த மெக்கானிக், "இன்ஜின் போய்விட்டது, வண்டியையே மாற்றுங்கள்" என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

ரெஞ்சு_கை:
அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் முதல் இரண்டு குறைகளுக்காக இன்ஜினைத் தூக்கிப் போட வேண்டியிருக்காது.

முட்டி நிற்பதை முதலில் பார்ப்போம். இந்த வகை இன்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சிறு மேடு உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது ஒரு வால்வை மயிரிழை திறந்து கொஞ்சம் அழுத்தத்தை வெளியே விடும். வால்வு இடைவெளி (வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ளது) அதிகமாகிவிட்டால் அந்த மேட்டால் வால்வைத் திறக்க முடியாது. முழு அழுத்தமும் ஸ்டார்ட்டர் தலையில் விழுகிறது. இது தெரியாமல் பேட்டரி, சோலனாய்டு, ஸ்டார்ட்டர் என்று வரிசையாக மாற்றுகிறவர்கள் ஏராளம். எர்த் கம்பியின் முனை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நேராக வால்வு கவரைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, அதைத் தாண்டி 6 மி.மீ. இறக்கிய பிறகு ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளக்க வேண்டும். உச்சியிலேயே அளந்தால் அந்த மேடு குறுக்கிட்டு அளவு தப்பிவிடும். பல மாடல்களில் இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ. அளவில் இருக்கும். உங்கள் இன்ஜின் கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே வையுங்கள்.

அடுத்து புகை. டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். எண்ணெய் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினில் எண்ணெய் தங்கும் கூடு) இறங்குகிறது. அந்த எண்ணெயோடு ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், பேரிங் பரப்புகள் தேய்ந்துவிடும். வாடை இல்லையென்றால் எனக்கு ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) மேல்தான் சந்தேகம். சிலிண்டருக்கும் புஷ்ராட் (வால்வை இயக்கும் தள்ளுகம்பி) செல்லும் குழிக்கும் நடுவே கேஸ்கெட் மிகக் குறுகலாக இருக்கும். அங்கே எரிந்து போனால் அழுத்தம் கிராங்க்கேஸில் புகுந்து, எண்ணெய் ஆவியை பிரீதர் (கிராங்க்கேஸின் மூச்சு வழி) வழியாக ஏர் ஃபில்டருக்குத் தள்ளும்.

கம்ப்ரஷன் கேஜை நம்ப வேண்டாம். அழுத்தம் விடும் அமைப்பு இருப்பதால் நல்ல இன்ஜினே குறைவாகக் காட்டும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனைதான் சரி. காற்று ஏற்றும்போது இன்ஜின் தானாகச் சுற்றக்கூடும், ஆகவே கிராங்க்கை ரெஞ்சால் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். சைலன்சரில் காற்றுச் சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் வந்தால் இன்டேக் வால்வு, டிப்ஸ்டிக் குழாயில் வந்தால் ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட்.

மேடு_ஏறி:
இன்ஜின் பற்றி மேலே சொன்னது சரிதான். ஆனால் முடிவை எடுக்க வேண்டியது கியர்பாக்ஸை வைத்து. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் மேட்டில் இழுவை போகிறதென்றால் உள்ளே பம்ப்பும் மோட்டாரும் தேய்ந்து எண்ணெய் கசிகிறது என்றுதான் பொதுவாக அர்த்தம். சூட்டில் எண்ணெய் இளகும்போது கசிவு கூடும்.

அதற்காக உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். டிரைவ் பெல்ட் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, அதன் ஸ்பிரிங் இழுவை இருக்கிறதா, கியர்பாக்ஸ் மேலுள்ள விசிறியில் இறக்கை உடைந்திருக்கிறதா, உடம்பில் புல் அடைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். வண்டியைக் கையால் தள்ளுவதற்கான பைபாஸ் லீவர் ஓட்டும் நிலைக்கு முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும். பிறகு பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, பத்திரமாக முட்டுக்கொடுத்து, பைபாஸைத் திறந்து வைத்து முன்னும் பின்னுமாக ஐந்தைந்து விநாடி பலமுறை ஓட்டுங்கள். பைபாஸை மூடிவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். உள்ளே காற்று இருந்தால் வெளியேறிவிடும்.

இத்தனைக்கும் பிறகு இழுவை திரும்பாவிட்டால் எண்ணெய் மாற்றிப் பார்க்கலாம். இலகு வகைப் பெட்டிகள் பலவற்றில் வடிகால் திருகே கிடையாது. கழற்றிக் கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதுதான். வண்டியில் இன்ஜினுக்கு அடுத்தபடி விலை கூடிய உறுப்பு அது.

துருவும்_தகடும்:
டெக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிவிட்டு டெக்கை இறக்கிக் கவிழ்த்து, ஸ்பிண்டில் (பிளேடைச் சுற்றும் அச்சு) பொருந்தும் இடத்தைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். ஓரப் பாவாடையில் ஓட்டை விழுந்தால் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். ஸ்பிண்டில் போல்ட் ஏறும் இடம் மெலிந்தோ விரிசல் விட்டோ இருந்தால், வேகமாகச் சுற்றும் பிளேடை அந்தத் தகடு தாங்காது. அப்படிப்பட்ட டெக்கை ஓட்டக் கூடாது. பிளேடு ஆடுவதற்கு பேரிங் காரணமென்றால் கவலை வேண்டாம். பெரும்பாலும் 6203 போன்ற பொது அளவுதான், எங்கும் கிடைக்கும்.

என் கணக்கு இது: இன்ஜின், கியர்பாக்ஸ், டெக் கூடு, சேஸி இந்த நான்கில் ஒன்று போனால் சரி செய்யலாம். இரண்டு போனால் செலவழிக்காதீர்கள். புதிதோடு ஒப்பிடும்போது கடையில் உள்ள மலிவான வண்டியோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் பழையதன் அதே கனத் தகடு, அதே தரக் கியர்பாக்ஸ் உள்ளதன் விலையைப் பாருங்கள். பழுதுச் செலவு அதில் பாதியைத் தொடாத வரை பழசே மேல்.

பச்சைத்தரை:
எல்லோருக்கும் நன்றி. எண்ணெயில் பெட்ரோல் வாடை இல்லை. லீக்-டவுனில் டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் காற்று பலமாக வருகிறது. டெக்கில் ஸ்பிண்டில் சுற்றுப்பகுதி கெட்டியாக இருக்கிறது. கியர்பாக்ஸ் விசிறியில் பாதி இறக்கைகளைக் காணோம், பெட்டி முழுக்கப் புல். ரிங்கா, கேஸ்கெட்டா என்று எப்படிப் பிரிப்பது?

ரெஞ்சு_கை:
சத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டும் கிராங்க்கேஸுக்குள்தான் கசியும். ஹெட்டைக் கழற்றுங்கள். புஷ்ராட் எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் போயிருந்தால் புஷ்ராட் குழிப்பக்கம் கருகிய தடம் கண்ணுக்கே தெரியும். சிலிண்டர் சுவரில் நகம் தட்டுகிற செங்குத்துக் கீறல் இருந்தால் இன்ஜின் வேலை பெரிது, அங்கேயே நிறுத்திவிடலாம். சுவர் சுத்தமாக இருந்தால் ஹெட்டைச் சமதளக் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். 0.10 மி.மீ. ஃபீலர் அடியில் நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, சமன் செய்யாமல் புது கேஸ்கெட் போட்டால் மறுபடி எரியும். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, மூன்று கட்டமாக, கையேட்டு டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்குங்கள். பிரீதர் தகட்டையும் பார்த்துவிடுங்கள். அது மடங்கியிருந்தால் கேஸ்கெட் மாற்றிய பிறகும் ஃபில்டருக்கு எண்ணெய் வரும்.

மேடு_ஏறி:
கேஸ்கெட் வாங்குவதற்கு முன்னால் விசிறியை மாற்றி, புல்லைச் சுரண்டி, அதே மேட்டில் அரை மணி ஓட்டிப் பாருங்கள். இப்போதைய நிலையில் அந்தப் பெட்டிக்குக் குளிர்ச்சியே இல்லை. புது விசிறியோடு ஏறிவிட்டால் ஹெட் வேலையைத் தயங்காமல் தொடங்கலாம்.