ஃபோர் ஹை விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

ஒடுகத்தூர்க்காரன்:
வணக்கம். பீஞ்சமந்தைப் பக்கம் மலையில் எங்களுக்கு நிலம் இருக்கிறது, மழை பெய்தால் ஃபோர் வீல் இல்லாமல் அந்தச் சேற்றில் ஏறவே முடியாது. வண்டி பழைய டீசல், டேஷ்போர்டில் சுவிட்சைத் திருப்பினால் ஷிஃப்ட் மோட்டார் வழியாக டூ வீலிலிருந்து ஃபோர் வீலுக்கு மாறும் வகை. போன மழைக்குப் பிறகு ஃபோர் ஹை (சாதாரண வேகத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, முன் சக்கரம் இழுப்பதில்லை. காலையில் சில நேரம் ஃபோர் ஹை விழுகிறது (மாட்டிக்கொள்கிறது), வெயில் ஏறினால் விழுவதில்லை. ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதற்கு முன்னால் நானே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

காட்பாடி எலெக்ட்ரீஷியன்:
தம்பி, இப்போதைக்கு மோட்டார் வாங்க வேண்டாம். காலையில் விழுகிறது என்றால் அது முழுசாகப் போய்விடவில்லை. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, இன்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் ஆன் செய்து ஒருவரைச் சுவிட்ச் திருப்பச் சொல்லுங்கள், நீங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் இழுப்பை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பக்கம் காது கொடுங்கள். மோட்டார் விர்ரென்று ஓடி நின்றும் விளக்கு மின்னினால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும், மோட்டாருக்குள் இருக்கும் பொசிஷன் சென்சார் மேல்தான் என் சந்தேகம். ரிலே (மோட்டாருக்குக் கரண்ட்டை விடும் சுவிட்ச்) டிக் என்பது மட்டும் கேட்டால், ஒன்று மோட்டார் இறுகியிருக்கும், இல்லை கரண்ட் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

வோல்ட்டேஜ் பார்க்கும்போது மோட்டாருக்குப் போகும் வயரின் கப்ளரை (இணைப்பு பிளக்கை) கழற்றாதீர்கள். கழற்றி வைத்துப் பார்த்தால் களிம்பு ஏறிய வயர்கூட 12 வோல்ட் காட்டும், லோடு இல்லையே! மாட்டியபடியே பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து, சுவிட்ச் திருப்பும் அந்த நொடியில் பாருங்கள். பேட்டரியில் 12.5 இருந்து அங்கே 9 வந்தால் வழியில் எங்கோ தின்கிறது. அப்புறம் எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஷிஃப்ட் மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோல் யூனிட்டின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள், மோட்டாருக்குக் கரண்ட் போகிற நேரத்தில் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

ஆம்பூர் டீசல்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே ஒன்று: விளக்கு மின்னினாலே கரண்ட் கோளாறு என்று இல்லை. உள்ளே கியர் பல் நேராக வராவிட்டாலும் மின்னும், வண்டியைக் கொஞ்சம் உருட்டினால் விழுந்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹையில் வளைத்து ஓட்டினால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு டூ வீலுக்குத் திரும்பாமலும் அடம்பிடிக்கும், அதற்குக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் போதும். ஃபோர் லோ (மெதுவாக, அதிக இழுப்போடு போகும் நிலை) போட வண்டி நின்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். வெயில் காலம் முழுக்கத் தொடாமல் விட்டால் மோட்டார் இறுகும், மாதம் ஒரு தடவையாவது மண் பாதையில் போட்டு எடுங்கள்.

ஒடுகத்தூர்க்காரன்:
அண்ணா, பார்த்துவிட்டேன். டிக் சத்தம் மட்டும்தான். கப்ளரில் 8 சொச்சம், எர்த் பக்கம் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் வயரைச் சேஸில் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினால் ரிங் டெர்மினலுக்கு அடியில் காய்ந்த சேறு, செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு, விரலால் தொட்டதும் பாதி இழை கையோடு வந்துவிட்டது. கறுத்த வயரை வெட்டிப் புது டெர்மினல் அடித்தேன், இப்போது விர்ரென்று ஓடி விளக்கு நிலையாக எரிகிறது. ரொம்ப நன்றி.

காட்பாடி எலெக்ட்ரீஷியன்:
சந்தோஷம் தம்பி. போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட், துரு எல்லாம் போகத் தேய்த்தீர்களா? இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். மத்தியான வெயிலில் வண்டியை நன்றாகச் சூடாக்கி அதே எர்த் அளவை இன்னொரு தடவை எடுத்து இங்கே போடுங்கள், அது 0.2-க்குள் இருந்தால்தான் மலைக்கு எடுத்துப் போகலாம்.