புதுப்பிப்பு: மாமாவோட பென்டாக்ஸுக்கு கடைசியா போட்ட விலை

போன வாரம் ஹட்டன்ல இருந்து கேட்டிருந்தேனே, மாமா கல்யாண வீடு கல்யாண வீடா தூக்கிட்டு திரிஞ்ச பென்டாக்ஸ் கே1000 பிலிம் கெமராவுக்கு 45,000 ரூபா கேக்கலாமான்னு. இல்லங்க, கேக்கவே கூடாது. டோர்ச் அடிச்சு பார்த்தா லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி பங்கஸ் (பூஞ்சை), நம்ம ஊரு மழைக்கும் பனிமூட்டத்துக்கும் அலமாரிக்குள்ள பூட்டி வச்சா இதுதான் நடக்கும், வெளிச்சம் உள்ள போகாம தடுக்கிற பின்கதவு ஸ்பொஞ்சும் தார் மாதிரி விரல்ல ஒட்டுது. ஆனா ஷட்டர் எல்லா ஸ்பீட்லயும் விழுது, அது முழுக்க மெக்கானிக்கல், பெட்டரி வெளிச்சத்த அளக்குற லைட் மீட்டருக்கு மட்டுந்தான். அதனால பாடிக்கு மட்டும் விலை, லென்ஸ் சும்மா, ஸ்பொஞ்ச் மாத்துற செலவையும் கழிச்சு 26,000. ஒரு ரோல் அடிச்சு கழுவி பார்த்துட்டு காசு தாங்கன்னு கொட்டகலை தம்பி ஒருத்தர்கிட்ட கொடுத்திருக்கேன், நெகட்டிவ்ல வெளிச்சம் கசிஞ்சிருந்தா திருப்பி எடுத்துக்குவேன்.