ரேடார் ஆல்டிமீட்டர் பதிவிலிருந்து காற்றைக் கணக்கிடுவது எப்படி?

வடகாற்று:
கடலுக்கு மேல் 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில், 30 டிகிரி வட அட்சரேகையை ஒட்டிப் பறந்த ஆய்வு விமானத்தின் பதிவு இருக்கிறது. ரேடார் உயரம் (கீழுள்ள பரப்பிலிருந்து அளந்தது), ஸ்டாட்டிக் அழுத்தம் (விமானத்தைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), வான்வேகம், ஜிபிஎஸ் எல்லாம் நொடிவாரியாக உள்ளன. காற்றை எப்படி எடுப்பது? ஜிபிஎஸ் உயரம் இருக்கும்போது ரேடார் எதற்கு?

மீகாமன்:
முதலில் டி-மதிப்பைப் போடுங்கள். ரேடார் உயரத்தில் அழுத்த உயரத்தை, அதாவது அளந்த அழுத்தம் திட்ட வளிமண்டலத்தில் (சராசரி மாதிரி வளிமண்டலத்தில்) இருக்கும் உயரத்தை, கழித்தால் வருவது அது. திட்ட வளிமண்டலத்தில் 700-க்கு 3012 மீட்டர். ரேடார் 3050 காட்டினால் டி +38. விமானம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே மாறுவதால் டி அதிகம் அசையாது.

பாதை நெடுக டி எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். அந்தச் சரிவை புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி கோரியோலிஸ் காரணியால் (புவிச் சுழற்சியின் விளைவைக் காட்டும், அட்சரேகையோடு மாறும் எண்) வகுத்தால், பாதைக்குக் குறுக்கான காற்று கிடைக்கும். 30 டிகிரியில் 100 கி.மீ.க்கு 10 மீட்டர் சரிவு என்றால் சுமார் 26 நாட். வட அரைக்கோளத்தில் டி குறைந்துகொண்டே போனால் காற்று இடப்பக்கமிருந்து வருகிறது. பாதையோடு வீசும் கூறு இதில் தெரியாது, குறுக்கே பறந்த இன்னொரு தடம் வேண்டும். 1940-களில் வானிலையாளர் ஜான் பெல்லமி கடல் கடக்கும் விமானங்களின் விலகலுக்குத் தந்த கணக்கும் இதுவே.

அழுத்தமானி:
ரேடாரை விட ஸ்டாட்டிக் அழுத்தத்தைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். 700-ல் 1 ஹெக்டோபாஸ்கல் பிழை 11 மீட்டருக்கு மேல். அந்த 26 நாட் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். மாறாத பிழை கழித்தலில் போய்விடும். வேகத்தோடும் தாக்குகோணத்தோடும் (இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம்) மாறுவது போகாது. எரிபொருள் தீரத் தீர எடை குறைந்து தாக்குகோணமும் மாறும், அது பொய்ச் சரிவாகவே தெரியும். அதனால் வான்வேகம் சீராக உள்ள பகுதிகளை மட்டும் எடுங்கள். அதே தடத்தில் திரும்பி வந்த பதிவு இருந்தால் இரண்டையும் சராசரி பண்ணுங்கள். விமானம் சாய்ந்து திரும்பும் இடங்களை வெட்டிவிடுங்கள், கற்றை சாய்வாகப் பட்டால் உயரம் கூடிவிடும்.

மீகாமன்:
ஜிபிஎஸ் தருவது பூமியின் வடிவத்துக்காகக் கணக்கில் கொண்ட நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம். கடல்மட்டம் அதோடு ஒட்டியிருப்பதில்லை. இலங்கைக்குத் தெற்கே கடல்பரப்பு அதைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டத்தின் உண்மை வடிவம்) திருத்தம் போடாவிட்டால் இந்தச் சரிவும் காற்றாகக் கணக்கில் ஏறும். கடல்மேல் ரேடாருக்கு அந்தத் தொல்லை இல்லை. நிலத்தில் கதை வேறு, மேடுபள்ளம் எல்லாம் ரேடாரில் விழும். அங்கே திருத்திய ஜிபிஎஸ்தான் நல்லது.

அழுத்தமானி:
இதையே மன்னார் வளைகுடாவில் செய்யப் பார்க்காதீர்கள். 9 டிகிரியில் கோரியோலிஸ் மிகச் சிறியது, 100 கி.மீ.க்கு 1 மீட்டர் பிழையே நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் பொய்க்காற்று தரும். புயலின் கண்ணை ஒட்டியும் இந்தச் சூத்திரம் உதவாது. அங்கே வளைவின் மையவிலக்கையும் சேர்த்த சரிவுக்காற்றுச் (gradient wind) சமன்பாடு வேண்டும்.