பி.எச். 8.4 அருகம்புல் தரைக்கு என்ன உரம்?

கோவையில் வீட்டு முன்னால் 1000 சதுர அடி அருகம்புல். மண் பரிசோதனையில் பி.எச். (அமில-கார அளவு) 8.4, ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 190 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 32, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 410 என்று வந்திருக்கிறது. இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரம் போடலாமா?

பதில் 1: வேண்டாங்க. மணிச்சத்து 22, சாம்பல்சத்து 280 தாண்டினாலே அதிகம்தான், இந்த மூன்றில் உங்களுக்குக் குறைவது தழைச்சத்து மட்டுமே. கார மண்ணுக்கு யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் நல்லது, மொத்தத் தரைக்கும் 2 கிலோ போதும், ஈரமில்லாத புல்மேல் தூவி உடனே தண்ணீர் விடுங்கள், விட்டால் நுனி கருகாது.

பதில் 2: அந்த மஞ்சள் இரும்புச்சத்துக் குறை. இப்படிக் காரமான சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து சாயங்காலம் தெளியுங்கள். சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை லேசில் போகாது, கவனம்.

கேட்டவர்: சரிங்க, நாளைக்கே அன்னபேதி வாங்குகிறேன்.