சுபினேஷன், கட்டை விரல், கணுக்கால்: ஒரே நோயாளிக்கு ஆளுக்கு ஒரு அளவு வருவது ஏன்?

காட்பாடி_பயிற்சி:
வணக்கம். காட்பாடி, குடியாத்தம் பக்கம் கிராமப் பணியாளர்களுக்கு மூட்டசைவு அளக்கப் பயிற்சி நடக்கிறது. முழங்கை, முழங்கால் வரை பிரச்சினை இல்லை. மூன்று இடங்களில் தாள்கள் ஒத்துவரவில்லை.

ஒரே கைக்குச் சுபினேஷன் (முன்னங்கையை மல்லாத்துவது) ஒருவர் 70 என்கிறார், இன்னொருவர் 95 என்கிறார். கட்டை விரல் அப்டக்ஷன் (கையிலிருந்து விலக்கும் அசைவு) எந்தப் பக்கம் என்பதில் ஆளுக்கொரு கருத்து. டார்சிஃபிளெக்ஷன் (கணுக்காலில் முன்பாதத்தை மேலே தூக்குவது) கட்டத்தில் ஒரு தாளில் 15, அடுத்ததில் 105. நோயாளியிடம் தமிழில் எப்படிச் சொல்லிச் செய்யவைப்பது என்றும் சொல்லுங்கள்.

மணிக்கட்டு:
கடைசியிலிருந்து வருகிறேன். 15-ம் 105-ம் ஒரே அளவுதான். காலுக்குப் பாதம் செங்குத்தாக நிற்கும் நிலைதான் கணுக்காலுக்குப் பூஜ்யம். அந்த நிலையில் கோனியோமீட்டர் (மூட்டின் கோணத்தை அளக்கும் இரண்டு கை கொண்ட கருவி) 90 காட்டும். பார்க்கும் எண் வரிசையைப் பொறுத்து 105 என்றோ 75 என்றோ வரும். 90-லிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

நடு ஆணி வெளிக்கணுவில், அசையாத கை ஃபிபுலா எலும்பின் (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பு) தலையை நோக்கி, அசையும் கை ஐந்தாவது மெட்டாடார்சலுக்கு (சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள பாத எலும்பு) இணையாக. முழங்காலை மடக்கி வைத்து அளந்தால் 20 வரை வரும். நீட்டி வைத்தால் கெண்டைக்கால் தசை இழுத்துக் குறைத்துவிடும், ஏனென்றால் அந்தத் தசை, காஸ்ட்ரோக்னீமியஸ், முழங்காலையும் தாண்டிப் போகிறது. எந்த நிலையில் அளந்தோம் என்று தாளில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

"பாதத்தை நீட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எல்லோரும் விரல் நுனியைக் கீழே தள்ளுவார்கள். அது பிளாண்டார் ஃபிளெக்ஷன். குழித்தறியில் மிதியை அழுத்துகிற அதே அசைவு. "குதிகால் தரையில் இருக்கட்டும், முன்பாதத்தை மட்டும் தூக்குங்க" என்றால் குடியாத்தம் நெசவாளிக்கு உடனே புரியும். கால் விரல்கள் மட்டும் விறைத்து மேலே வந்தால் ஏமாந்துவிடாதீர்கள், பாதம் வந்ததா என்று பாருங்கள்.

கோவில்_தெரு:
சுபினேஷன் 95 என்றால் பெரும்பாலும் தோள் உதவியிருக்கிறது. வழக்கமான அளவு 80 முதல் 90. முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி, கட்டை விரல் மேலே பார்க்க வைத்துத் தொடங்க வேண்டும். முழங்கை உடம்பின் முன்பக்கமாக நகர்ந்தாலோ உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தாலோ நிறுத்திவிட்டு மறுபடி. விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் மடித்த துண்டை வைத்தால் கள்ளம் தெரிந்துவிடும், துண்டு விழும்.

பேனாவைப் பிடிக்கச் சொல்லி அதன் சாய்வை அளப்பதும் கூட்டித்தான் காட்டும். பேனாவோடு மணிக்கட்டும் உள்ளங்கையும் கொஞ்சம் திரும்பும். சுபினேஷனுக்குக் கோனியோமீட்டரின் அசையும் கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்னங்கையின் உள்ளங்கைப் பக்கத்தில் படியவையுங்கள். ப்ரோனேஷனுக்கு (கையைக் கவிழ்ப்பது) புறங்கைப் பக்கம்.

தமிழில் சொல்ல: "தீர்த்தம் வாங்குற மாதிரி கையை மல்லாத்துங்க." எதிர்ப்பக்கம்: "கோலப்பொடி விடுற மாதிரி கவிழ்த்துங்க." திருகாணியை வலக்கையால் இறுக்குவதும் சுபினேஷன்தான்.

கரிகிரி_சாலை:
கட்டை விரலில் எல்லோரும் தவறுவது, மற்ற விரல்களின் கணக்கை அதற்கும் போடுவதால். அந்த நான்கும் பார்க்கும் திசையைக் கட்டை விரல் பார்ப்பதில்லை, நகத்தைக் கவனித்தாலே தெரியும். கையை மேசைமேல் மல்லாத்தி வையுங்கள். கட்டை விரல் கூரையை நோக்கி எழுந்தால் அப்டக்ஷன். உள்ளங்கைமேல் குறுக்கே சறுக்கினால் ஃபிளெக்ஷன் (மடக்கல்), பக்கவாட்டில் விலகினால் எக்ஸ்டென்ஷன் (நீட்டல்). சுண்டு விரல் நுனியைத் தொடுவது ஆப்போசிஷன், இதில் அப்டக்ஷன், ஃபிளெக்ஷன், சுழற்சி மூன்றும் கலந்திருக்கும்.

தொட்டுவிட்டால் போதும் என்று விட்டுவிடக்கூடாது. சதைப்பக்கம் சதைப்பக்கத்தோடு ஒட்ட வேண்டும். கட்டை விரலின் ஓரம் மட்டும் படுகிறது என்றால் சுழற்சி இல்லை, கட்டை விரலை எழுப்பும் தசைகளுக்குப் போகும் மீடியன் நரம்பைச் சோதியுங்கள். பீடி சுற்றுகிறவர்கள் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்: "இலை நிக்கவே மாட்டேங்குது."

இன்னொன்று. "கை மடங்கியுள்ளது" என்று தாளில் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். தொழுநோயில் அல்நார் நரம்பு (கைக்குள் உள்ள சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது) போய்க் கொக்கிபோல் வளைந்த கையில், விரலின் அடிமூட்டு பின்னோக்கி ஹைப்பர் எக்ஸ்டென்ஷனில் (அளவுக்கு மீறிய நீட்டல்) இருக்கும், நடு மூட்டு ஃபிளெக்ஷனில் இருக்கும். ஒரே விரலில் இரண்டு எதிர் அசைவுகள். வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் தசைநாண் மாற்று அறுவையைத் தொடங்கியது இப்படிப்பட்ட கைகளுக்குத்தான். அறுவைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட மூட்டு வாரியாக எழுதியிருந்தால்தான் உதவும்.

காட்பாடி_பயிற்சி:
நன்றி. முழங்கால் முழுதாக நீளாமல் 15 டிகிரியில் நிற்கிறது, 120 வரை மடங்குகிறது. மொத்தம் 105 என்று எழுதலாமா?

மணிக்கட்டு:
கூடாது. 15–120 என்றே எழுதுங்கள். 0–105 என்று வரும் காலும் மொத்தத்தில் 105-தான், ஆனால் அவருக்குக் குறை மடக்குவதில், உங்கள் நோயாளிக்கு நீட்டுவதில். பயிற்சியே வேறு.