ஏழு வயது மகளுக்கு சைக்கிள்: சைடு வீலைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: புதுப்பாளையம் அம்மா, கடலூர்

மகளுக்கு ஏழு வயது. 16 இஞ்ச் சைக்கிளை சைடு வீலோடு ஓட்டுகிறாள். ஒரு பக்க வீல் வளைந்துபோய், அவள் கிளம்பினாலே கடகடவென்று தெருவே திரும்பிப் பார்க்கிறது. கழற்றலாம் என்றால் அழுகிறாள். மாமனாரோ, “கேரியரைப் பிடிச்சுக்கிட்டே ஓடி, பாதியில விட்டுடும்மா, தானா வந்துடும்” என்கிறார். அவர் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர். கணவருக்கு வெளியூரில் வேலை, எனக்கோ முட்டிவலி. தெருவில் ஷேர் ஆட்டோ, பைக், மாடு என்று எல்லாம் வரும். எங்கே வைத்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: நெல்லிக்குப்பத்தான்

விழாமல் யார் அக்கா கற்றார்கள்? உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி. ஒரு தள்ளு தள்ளிவிடுங்கள், வந்துவிடும். ஹெல்மெட்டெல்லாம் கடைக்காரன் வியாபாரம்.

பதில்: பழைய வாடகை சைக்கிள்

திருப்பாப்புலியூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் நான். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட காலமும் உண்டு. வண்டி திரும்பி வரும்போது ஹேண்டில் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று பார்த்தாலே, பையன் எங்கே விழுந்தான் என்று சொல்லிவிடலாம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

சைடு வீலைக் கழற்றிவிடுங்கள், கூடவே பெடலையும் கழற்றிவிடுங்கள். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலை லேசாகத் திருப்பினால்தான் நிமிரும். இதைத்தான் குழந்தையின் உடம்பு பழக வேண்டும். சைடு வீல் வண்டியைச் சாயவே விடாது, அப்புறம் எங்கே பழகுவது? பெடல் இல்லாத வண்டியில், இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும்படி சீட்டை இறக்கிவிட்டால், அவளே காலால் உந்திக்கொண்டு போவாள். முதலில் நடப்பாள், அப்புறம் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மிதப்பாள். நீங்கள் ஓடவே வேண்டாம். பக்கத்தில் நடந்தால் போதும். பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் தோளையோ அக்குளையோ பிடியுங்கள். கேரியரையோ ஹேண்டிலையோ பிடித்தால் ஓட்டுவது நீங்கள்தான், அவள் இல்லை.

பெடல் போடுவதற்கு முன் பிரேக். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலது கை முன் சக்கரம், இடது கை பின் சக்கரம். மாறியும் இருக்கலாம், பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கைக்கு பிரேக் பிடி எட்டாமல் இருக்கும். சில வண்டிகளில் பிடியின் அடியில் ஒரு குட்டி ஸ்குரு உண்டு, அதை முறுக்கினால் பிடி உள்ளே வரும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதைத் தாண்டாமல் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். செருப்பைத் தேய்த்து நிறுத்தினால் கணக்கில் வராது.

இடம்: மஞ்சக்குப்பம் மைதானம், காலை நேரம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கிரிக்கெட் பையன்கள் விடமாட்டார்கள். சில்வர் பீச் ரோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காற்றடித்து ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும், அதில் முன் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கிவிடும்.

பெடல் போட்டு மைதானத்தில் தாராளமாகச் சுற்ற ஆரம்பித்ததும் ‘வந்துடுச்சு’ என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். ரோட்டுக்கு வேண்டிய பாடமே அதற்கப்புறம்தான். நீங்கள் பின்னால் நின்று விரலைக் காட்டி, “எத்தனை?” என்று கேளுங்கள். அவள் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் தலை திரும்பும் பக்கமே ஹேண்டிலும் போகும். ரோட்டில் அப்படிப் போனால் பின்னால் வருகிற பைக் மேல்தான் போய் விழுவாள். நேராகப் போய்க்கொண்டே பார்க்க வரும்வரை மைதானம்தான். அப்புறம் உங்கள் வீட்டு கேட்டு. பிள்ளைகள் வீட்டிலிருந்து சர்ரென்று தெருவுக்குள் பாய்வார்கள். கேட்டில் ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டும். நாம் இடது பக்கம் போகிறவர்கள் என்பதால் முதலில் மோதுவது வலப்பக்கமிருந்து வருவதுதான். வலம், இடம், மறுபடி வலம் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு: சட்டம் சைக்கிளுக்கு ஹெல்மெட் கேட்பதில்லை, ஆனால் தார் ரோட்டுக்கு அது தெரியாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். பின்னந்தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்வதற்கு மாட்டாமலே இருக்கலாம். பாவாடை, தொங்கும் ஷூ லேஸ் இரண்டும் செயினுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பதில்: முத்தியால்பேட்டை ரேவா

நான் பாண்டிச்சேரி. இங்கே கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், அதனால் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் நடக்கவே இடமிருக்காது. உள்ளே ஒயிட் டவுன் தெருக்களில் வேறு ஆபத்து. ஓரமாக நிற்கும் காரின் கதவு பட்டென்று திறக்கும். ‘ஓரமாப் போ, ஓரமாப் போ’ என்று சொல்லியே நாம் பிள்ளையை அந்தக் கதவுக்குள் தள்ளுகிறோம். நிற்கிற காரிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கவே கூடாது. இறங்கி, நாய்க்கும் தனக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பதில்: புதுப்பாளையம் அம்மா

ரொம்ப நன்றி ஐயா, ரேவா. இன்றைக்கு ஸ்பேனர் போட்டுப் பார்த்தோம். வலது பெடல் வந்துவிட்டது, இடது அசையவே இல்லை. மாமனார் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது என்கிறார்.

பதில்: பழைய வாடகை சைக்கிள்

துருவும் இருக்கும், ஆனால் இடது பெடலுக்கு மரை தலைகீழ் அம்மா. அதைக் கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். 15 நம்பர் ஸ்பேனரே போதும், இறுக்கமாக இருந்தால் ராத்திரி நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள். திரும்ப மாட்டும்போது அச்சின் முனையில் ‘எல்’, ‘ஆர்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, முதலில் கையாலேயே சுற்றி ஏற்றுங்கள். பக்கம் மாற்றி ஸ்பேனர் போட்டு முறுக்கினால், பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் மரை போய்விடும், பெடலோடு அதையும் வாங்க வேண்டிவரும்.