வெளிப்படாக் காலம்: குடற்புழுத் துறைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வளர்ப்பு நாய், பூனைகளின் குடற்புழுக்களைப் பற்றி எழுதுவதற்கு வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை நம்மிடம் உள்ளன. உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு ஆகியவை நிலைத்துவிட்டன. குடற்புழு நீக்கம் என்பதும் எல்லோருக்கும் விளங்குகிறது. தடுமாற்றம் 'ப்ரீபேட்டன்ட் பீரியட்' என்பதில்தான். ஒட்டுண்ணி உடலுக்குள் புகுந்த நாள்முதல் அதன் முட்டை மலத்தில் முதன்முதலாகத் தென்படும் நாள்வரை உள்ள இடைவெளியை அது குறிக்கிறது.

இந்த இடைவெளிக்குப் பெயர் இல்லாததால், 'முட்டை இல்லை' என்ற சோதனை முடிவை வளர்ப்பவர்கள் 'புழு இல்லை' என்றே படித்துக்கொள்கிறார்கள். மலத்தைச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி, மிதந்து வந்து கண்ணாடி வில்லையில் ஒட்டும் முட்டைகளை நுண்ணோக்கியில் தேடுவதே வழக்கமான சோதனை. சாட்டைப்புழுவின் முட்டை, இரு முனையிலும் அடைப்பு வைத்த எலுமிச்சையைப் போலத் தெரியும், பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆனால் தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ 3 மாதம் வரை அந்த முட்டை வில்லையில் வராது. நாயின் உருளைப்புழுவோ தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுவதால், பிறந்து சுமார் 3 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. 2 வார வயதிலேயே முதல் மருந்தைக் கொடுத்து, பால் மறக்கும் பருவம் தாண்டும்வரை 2 வாரத்துக்கு ஒருமுறை தொடரச் சொல்வதன் காரணம் இதுவே.

'மறைகாலம்' என்று முன்பு ஒருவர் பரிந்துரைத்தார். சுருக்கமான சொல்தான், ஆயினும், பால்வழித் தொற்றிய கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக் குட்டியின் ஈறுகளை வெளுக்கச் செய்யும்போதும் மலத்தில் முட்டை இல்லாதிருக்கலாம் என்பதால், நோய் மறைந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'நோயரும்பு காலம்' அறிகுறி தோன்றும்வரை எண்ணுவது; அது வேறு அளவு. 'முட்டைமுன் காலம்' ஓரளவு பொருந்தினாலும், முட்டையிடாத ஜியார்டியா போன்ற ஓரணு உயிரிகளுக்கு உதவாது.

ஆகவே 'வெளிப்படாக் காலம்' என்பதை முன்வைக்கிறேன். 'வெளிப்படா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆதலால் ககர ஒற்று மிகும். முட்டை வெளிவரும் அடுத்த கட்டத்தை 'வெளிப்படு காலம்' என்று வினைத்தொகையாக்கினால் ஒற்று மிகாது. இரண்டு சொற்களும் இணையாக நிற்கும்.

வெளிப்படாதது எது என்ற கேள்வி எழக்கூடும். பொதுவாசகர்களுக்கு எழுதும்போது முதல் இடத்தில் மட்டும் 'முட்டை வெளிப்படாக் காலம்' என்று விரித்து எழுதலாம். எடுத்துக்காட்டாக: "சாட்டைப்புழுவின் வெளிப்படாக் காலம் நீண்டது, எனவே ஒரு சோதனையில் முட்டை தென்படவில்லை என்பதற்காகக் குடற்புழு நீக்கத்தை நிறுத்திவிட வேண்டாம்." இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டில் ஒருவரிடம் படித்துக்காட்டி, விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்கிறாரா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.